போர் ஜூலை 1, ஊர்வலம் ஜூலை 12: அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஐரோப்பிய நினைவு நாள்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இதழ் ஒன்றில் ‘வரலாற்றில் இந்த வாரம்’ என்ற பெட்டிச் செய்தி எழுதுவது சில ஆண்டுகள் என் தலையில் விழுந்த வேலை. ஒருமுறை ஜூலை 1-க்கு நேரே ‘1690: அயர்லாந்தில் பாயின் ஆற்றங்கரைப் போர்’ என்று போட்டேன். அடுத்த வாரமே ஒரு வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். அவர் மகன் வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் இருக்கிறானாம். அங்கே அந்தப் போருக்கு லீவு விடுவது ஜூலை 12-இல்தானாம். “தேதியைக்கூடப் பார்த்துப் போட மாட்டீங்களா சார்?” என்றார். நான் போட்டதும் தப்பில்லை, அவர் சொன்னதும் தப்பில்லை. அதைப் போனில் விளக்கத் தெரியாமல் “அடுத்த வாரம் பார்க்கிறோம் சார்” என்று வைத்துவிட்டேன். அன்று தொடங்கிச் சேர்ந்த கேள்விகள் இவை.

சரி, பாயின் போர் ஜூலை 1-ஆ, 12-ஆ?

அன்றைக்கு அயர்லாந்தில் புழங்கிய நாள்காட்டிப்படி 1690 ஜூலை 1. டிராகெடா ஊருக்குப் பக்கத்தில், பாயின் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜா, அந்தக் கரையில் ஒரு ராஜா. ஒருவர் அரியணையை இழந்த கத்தோலிக்கர், இரண்டாம் ஜேம்ஸ். மற்றவர் அந்த அரியணையில் உட்கார்ந்துவிட்ட புராட்டஸ்டன்ட், மூன்றாம் வில்லியம். நம் உறவுமுறையில் சொன்னால் சட்டென்று பிடிபடும்: ஜேம்ஸ் வில்லியமுக்குத் தாய்மாமன், வில்லியம் கட்டியது அந்தத் தாய்மாமன் மகள் மேரியை. மருமகன் ஜெயித்தார். மாமனார் டப்ளின் வழியாக ஓடிக் கப்பலேறி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பிறகு 1752-இல் நாள்காட்டி மாறியபோது 11 நாள் தள்ளிப்போனது. 1-ஓடு 11 கூட்டினால் 12. ஜூலை 12 வந்த வழி இதுதான் என்பார்கள். ஆனால் இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது, 17-ஆம் நூற்றாண்டில் பழைய நாள்காட்டிக்கும் புதியதுக்கும் வித்தியாசம் 10 நாள்தான். 1700-க்குப் பிறகுதான் அது 11 ஆனது. அதாவது ஒழுங்காகக் கணக்குப் போட்டால் போர் நடந்தது ஜூலை 11. இரண்டாவது, 1691-இல் ஆக்ரிம் என்ற இடத்தில் இதைவிடப் பெரிய ரத்தக்களரி நடந்தது. பாயினில் செத்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் என்றால் ஆக்ரிமில் ஏழாயிரம் பேர் அளவுக்கு. அது நடந்த பழைய தேதியே ஜூலை 12. தொடக்க காலத்தில் அயர்லாந்து புராட்டஸ்டன்ட்டுகள் அந்த 12-ஆம் தேதியையும் தனியாகக் கொண்டாடினார்கள். நாள்காட்டி மாறிய குழப்பத்தில் பாயின் வந்து ஆக்ரிமின் தேதியில் உட்கார்ந்துகொண்டது. ஆக்ரிமின் பெயர் மெல்ல மங்கிப்போனது.

1795-இல் ஆர்மா மாவட்டத்தில் புராட்டஸ்டன்ட்டுகளின் ஆரஞ்சு அமைப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 12-இல் முதல் ஊர்வலம். அதன் பிறகு யார் கணக்குப் போட்டுத் திருத்தினாலும் அந்தத் தேதி நகராது. இன்றும் 11-ஆம் தேதி இரவு புராட்டஸ்டன்ட் குடியிருப்புகளில் லாரிச் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைக் கோபுரமாக அடுக்கித் தீ வைக்கிறார்கள். சில கோபுரங்கள் நூறடி தாண்டும். மறுநாள் ஆரஞ்சுப் பட்டை அணிந்து, பெரிய முரசும் புல்லாங்குழலுமாக நடை. கத்தோலிக்கர் பலர் அந்த வாரம் ஊரிலேயே இருப்பதில்லை. 12 ஞாயிறாக வந்தால் ஊர்வலம் 13-க்குப் போகும். கணக்குப் பிழைக்கு நகராத தேதி ஓய்வுநாளுக்கு மட்டும் நகர்கிறது.

அந்த 11 நாள் எங்கே போனது?

ஜூலியஸ் சீசர் காலத்து நாள்காட்டி ஒரு வருடத்துக்கு 365¼ நாள் என்று வைத்தது. சூரியக் கணக்கில் அது சுமார் 11 நிமிடம் அதிகம். நூற்றாண்டுகள் போகப் போக நிமிடங்கள் நாள்களாயின. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஒரே வெட்டாக வெட்டினார்: அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து உடனே ஏற்றுக்கொண்டன. போப் சொன்னார் என்பதற்காகவே புராட்டஸ்டன்ட் நாடுகள் பல மறுத்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் 170 ஆண்டு முரண்டு பிடித்து, 1752-இல் செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 வியாழன் ஆக்கின.

‘எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு’ என்று மக்கள் தெருவில் கலவரம் செய்ததாகப் பள்ளிப் புத்தகங்கள் வரைக்கும் வந்துவிட்டது. அப்படி ஒரு கலவரம் நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஹோகார்த் என்ற ஓவியர் 1755-இல் தீட்டிய ஒரு தேர்தல் கேலிச்சித்திரத்தில் அந்த வாசகம் எழுதிய பதாகை கிடக்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் கலவரத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படியானால் 1752-க்கு முந்தைய தேதி எல்லாவற்றோடும் 11 கூட்ட வேண்டுமா?

கூட்டத்தான் வேண்டும் என்றால் எல்லாரும் கூட்டியிருக்க வேண்டுமே! ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரைப் பாருங்கள். 1746 ஏப்ரல் 16 பழைய தேதி. புதிய கணக்கில் ஏப்ரல் 27. அந்த இரண்டாம் ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட் அரியணை கேட்டு நடத்திய கலகம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சண்டையில் அங்கே முடிந்தது. சார்லஸுக்காகப் போரிட்ட ஹைலாண்டர்கள் எனும் மலைநாட்டார் தரப்பில் 1,500-க்கு மேல் விழுந்தார்கள். அரசுப் படையில் செத்தவர்கள் சுமார் 50 பேர். அந்தப் போருக்கு இன்வர்னஸ் அருகே இன்றும் ஆண்டுதோறும் மாலை வைக்கிறார்கள், ஏப்ரல் 16-ஐ ஒட்டிய சனிக்கிழமையில். யாரும் 11 நாள் கூட்டவில்லை.

இங்கிலாந்தில் நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் போட்ட வெடிமருந்துச் சதியின் நாளும் அப்படியே. 1605 நவம்பர் 5. இன்றும் நவம்பர் 5 இரவில்தான் வாணவேடிக்கை. ஆக, ஒரே அரசு, ஒரே சட்டம். ஆனால் ஒரு நினைவு நாள் நகர்ந்தது, இன்னொன்று நகரவில்லை. யார் அதை ஆண்டுதோறும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், எப்படிக் கொண்டாடினார்கள் என்பதைப் பொறுத்தது அது. தேதியை மட்டும் பார்த்துவிட்டு ‘தவறு’ என்று சொல்லிவிட முடியாது. நான் போனில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

கிளென்கோ படுகொலையில் தேதிக்கு என்ன சம்பந்தம்?

அந்தக் கதையே தேதியால் நடந்தது. மேலே சொன்ன வில்லியம், ஸ்காட்லாந்தின் மலைக்குலத் தலைவர்களுக்கு ஒரு கெடு வைத்தார்: 1692 ஜனவரி 1-க்குள் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் பழைய கலகத்துக்கு மன்னிப்பு. கிளென்கோ பள்ளத்தாக்கின் மெக்டொனால்டு குலத் தலைவர் மக்கியன் கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டு, டிசம்பர் 31-இல் ஃபோர்ட் வில்லியம் கோட்டைக்குப் போய் நின்றார். அங்கிருந்த தளபதி, “பிரமாணம் வாங்கும் அதிகாரம் எனக்கில்லை, இன்வரேரியில் இருக்கும் நீதி அதிகாரியிடம் போங்கள்” என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். நடுக்குளிர், பனி, மலைப்பாதை. போய்ச் சேர்ந்தபோது அந்த அதிகாரி ஊரில் இல்லை. பிரமாணம் எடுத்தது ஜனவரி 6-இல்.

அரசு அலுவலகத்தில் ‘இந்த கவுன்ட்டர் இல்லை, அந்த கவுன்ட்டர்’ என்று அலைந்த எவருக்கும் அந்த ஆறு நாள் புரியும். ஆனால் எடின்பரோவில் அந்தத் தாமதத்தைக் காத்திருந்து பிடித்துக்கொண்டார்கள். ஒரு குலத்தை வைத்து மற்றவர்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று ஸ்காட்லாந்து விவகாரங்களைக் கவனித்த செயலர் ஜான் டால்ரிம்பிள் ஏற்கெனவே நினைத்திருந்தார். பிப்ரவரித் தொடக்கத்தில் ராபர்ட் கேம்பல் தலைமையில் சுமார் 120 சிப்பாய்கள் கிளென்கோவுக்கு வந்து வீடு வீடாகத் தங்கினார்கள். பன்னிரண்டு நாள் போல அதே வீட்டுச் சாப்பாடு, அதே கணப்பு, இரவில் சீட்டாட்டம். பிப்ரவரி 13 விடியற்காலை 5 மணிக்கு, தங்கியிருந்த வீட்டுக்காரர்களையே சுட்டார்கள். செத்தவர்கள் 38 பேர் என்று மரபாகச் சொல்வார்கள். தப்பி ஓடியவர்களில் எத்தனையோ பேர் பனியில் விறைத்துச் செத்தார்கள்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதற்கு ஸ்காட்லாந்துச் சட்டத்திலேயே அன்று தனிப் பெயர் இருந்தது: நம்பிக்கையின் பேரில் செய்த கொலை, சாதாரணக் கொலையைவிடக் கொடியது. ஒவ்வொரு பிப்ரவரி 13-இலும் கிளென்கோ ஊரின் நினைவுச் சிலுவையடியில் மலர் வளையம் வைக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சத்திரத்தின் வாசலில் ‘தெரு வியாபாரிகளுக்கும் கேம்பல்களுக்கும் இடமில்லை’ என்று பலகை தொங்கும். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் கேம்பல் என்ற பெயருடையவர்கள் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது 1648-இலா, 1649-இலா?

ஜனவரி 30. லண்டன் ஆவணங்களில் 1648, எடின்பரோ ஆவணங்களில் 1649. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-இல். ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. இன்றைய புத்தகங்கள் எல்லாம் 1649 என்றே போடுகின்றன. அதையே நீங்களும் போடுங்கள்.

1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டை அயர்லாந்து ஏன் ஒரு மாதம் முன்பே கொண்டாடியது?

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் எழுச்சி தொடங்கியது 1916 ஏப்ரல் 24, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. நூற்றாண்டு விழா நடந்தது 2016 மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு. நம் வீடுகளில் தாத்தாவுக்குத் திவசம் கொடுக்கும்போது இறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியையா பார்க்கிறோம்? மாதமும் திதியும்தானே. அயர்லாந்துக்காரர்களுக்கு அந்த வாரம் ‘ஏப்ரல் வாரம்’ அல்ல, ‘ஈஸ்டர் வாரம்’. வசந்த கால சமஇரவு நாளை ஒட்டிய முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும். 1916-ஐப் போல ஏப்ரல் 23-இல் ஈஸ்டர் வந்தது அதற்குப் பிறகு 2000-இல்தான். அடுத்தது 2079-இல்.

இதில் இன்னொரு கூத்து. எழுச்சியை முதலில் திட்டமிட்டதே ஈஸ்டர் ஞாயிறுக்குத்தான். ஜெர்மனியிலிருந்து வந்த ஆயுதக் கப்பல் பிடிபட்டது தெரிந்ததும், தொண்டர் படையின் தலைவர் ஓயின் மெக்நீல் ஞாயிறு செய்தித்தாளிலேயே ‘இன்று அணிவகுப்பு எதுவும் கிடையாது’ என்று அறிவிப்புக் கொடுத்துவிட்டார். உள்வட்டத்தில் இருந்தவர்கள் ஒரு நாள் தள்ளித் திங்கட்கிழமை இறங்கினார்கள். விடுமுறை நாள். பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் ஃபேரிஹவுஸில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார்கள். எழுச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் டப்ளின் தலைமை அஞ்சலக வாசலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சனிக்கிழமை கலகக்காரர்கள் சரணடைந்தார்கள். சுமார் 485 பேர் இறந்திருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் பொதுமக்கள். அந்த வாரம் டப்ளின்வாசிகள் பலர் கலகக்காரர்களைத் திட்டித்தான் தீர்த்தார்கள்.

மனசு மாறியது மே மாதத்தில். 3-ஆம் தேதி தொடங்கி 12-ஆம் தேதிவரை டப்ளினின் கில்மைனம் சிறை முற்றத்தில் எழுச்சிக்காரர்கள் 14 பேரைப் பிரிட்டிஷார் சுட்டார்கள். ஒரே நாளில் அல்ல. இன்று மூவர், நாளை நால்வர் என்று தவணை முறையில். கால் எலும்பு நொறுங்கி நிற்க முடியாத ஜேம்ஸ் கனாலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் இன்று யார் என்ற கேள்வி. எழுச்சியால் திரும்பாத ஊர் அந்தப் பத்து நாளில் திரும்பியது.

இன்றைக்கு அஞ்சலக வாசலில் சடங்கு எளிமையானது. ஈஸ்டர் ஞாயிறு நண்பகல் 12 மணிக்குக் கூரைமேல் இருக்கும் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவார்கள். இளம் ராணுவ அதிகாரி ஒருவர் படியில் நின்று அதே பிரகடனத்தை வாசிப்பார். குடியரசுத் தலைவர் மலர் வளையம் வைப்பார். ஒரு நிமிட மௌனம், ஊதுகொம்பு, கொடி மறுபடி மேலே. மின்சார டிராம் ஓடும் தெருவில் அந்த ஒரு நிமிடம் எதுவும் ஓடாது.

புனித வெள்ளி உடன்படிக்கையும் இப்படி நகருமா?

நகராது. வட அயர்லாந்தின் நீண்ட மோதலை முடிக்கச் செய்த சமாதான உடன்படிக்கை அது. 1998-இல் புனித வெள்ளி ஏப்ரல் 10-இல் வந்தது. முந்தைய நள்ளிரவோடு கெடு முடிந்தும் பேச்சு நீண்டு, வெள்ளி மாலை கையெழுத்தானது. நினைவு கூர்வது ஏப்ரல் 10-ஐத்தான். பிரிட்டனோடு இருக்க விரும்புவோர் பலர் ‘புனித வெள்ளி’ என்றே சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அது ‘பெல்பாஸ்ட் உடன்படிக்கை’. பேச்சில் எந்தப் பெயர் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். அதே ஆண்டு மே 22 பொது வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71.1 சதவீதமும் தெற்கே 94.4 சதவீதமும் ஆதரித்தன.

அயர்லாந்தின் சுதந்திர தினம் எது?

இல்லை. நம் வாசகர்கள் நம்ப மறுக்கும் பதில் இதுதான். தேசிய விடுமுறை மார்ச் 17, புனித பேட்ரிக் நாள். அது 5-ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் நினைவு நாள்.

தேதிகள் இல்லாமல் இல்லை. நிறைய இருப்பதுதான் பிரச்சினை. 1916-இல் அறிவித்தார்கள். 1919 ஜனவரி 21-இல் தனிப் பாராளுமன்றம் கூட்டி மறுபடி அறிவித்தார்கள். 1921 டிசம்பர் 6-இல் பிரிட்டனோடு ஒப்பந்தம். சரியாக ஒரு வருடம் கழித்து 1922 டிசம்பர் 6-இல் சுயாட்சி நாடு பிறந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் வடக்கில் ஆறு மாவட்டங்களைப் பிரிட்டனிடமே விட்டுவிட்டது, பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் கேட்டது. ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் 1922, 1923-இல் உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். நாட்டை மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சிகளும் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நின்றவர்களின் வாரிசுகள். டிசம்பர் 6-ஐக் கொண்டாடு என்றால் பாதி வீடுகளில் அடுப்பெரியாது. 1949-இல் முழுக் குடியரசானபோது அதற்கு நாள் குறித்தவர்கள் ஏப்ரல் 18-ஐத் தேர்ந்தார்கள். அந்த வருடத்து ஈஸ்டர் திங்கள் அதுதான்! சுதந்திரத்தையே 1916-இன் திதியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள்.

உலகப் போர்களில் பிரிட்டிஷ் சீருடையில் செத்த ஐரிஷ்காரர்களுக்கும், பிரிட்டனுக்கு எதிராகச் செத்தவர்களுக்கும், ஐ.நா. பணியில் இறந்தவர்களுக்கும் சேர்த்து ஒரு பொது நினைவு நாள் உண்டு: ஜூலை 11-ஐ ஒட்டிய ஞாயிறு. 1921-இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த நாள் அது. வடக்கே மறுநாள் ஆரஞ்சு ஊர்வலம்.

நூற்றாண்டு விழாக்களில் சண்டை வந்ததா?

1912 முதல் 1923 வரை நடந்தவற்றுக்கு அயர்லாந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் வரிசையாக நூற்றாண்டு கொண்டாடியது. பெரும்பாலும் நிதானமாகவே போனது. இடறியது 2020 ஜனவரியில். பிரிட்டிஷ் ஆட்சியில் வேலை பார்த்த அரச ஐரிஷ் காவல் படையினருக்கு டப்ளின் கோட்டையில் நினைவு நிகழ்ச்சி என்று அரசு அறிவித்தது. அந்தப் படையில் பெரும்பாலோர் சாதாரண ஐரிஷ் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 1920-இல் ஊர் ஊராக எரித்த ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ கூலிப்படையும் அதே காவல் படைக்குள் சேர்க்கப்பட்டதுதான். நகர மேயர்கள் வரமாட்டோம் என்றார்கள். அந்தக் கூலிப்படையைச் சீண்டும் பழைய பாட்டு ஒன்று பாடல் தரவிறக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. அரசு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தது. என்னைக் கேட்டால் நோக்கம் மோசமில்லை. எல்லாச் சாவுக்கும் ஒரே மேடை போதும் என்று நினைத்ததுதான் கோளாறு.

‘ரத்த ஞாயிறு’ என்று தேடினால் மூன்று தேதி வருகிறதே?

மூன்றும் உண்மை. 1920 நவம்பர் 21: காலையில் ஐரிஷ் விடுதலைப் போராளித் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டார்கள்; பிற்பகலில் காவல் படை குரோக் பார்க் மைதானத்தில் புகுந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைச் சுட்டது, 14 பேர் இறந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த டிப்பரேரி அணியின் மைக்கேல் ஹோகனும் ஒருவர். மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடம் இன்று அவர் பெயரில். 1972 ஜனவரி 30: டெரி நகரில் உரிமை ஊர்வலத்தின்மீது பிரிட்டிஷ் பாரசூட் படை சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் பிறகு. 38 ஆண்டு கழித்து 2010 ஜூன் 15-இல் பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது ரஷ்யாவின் 1905 ஜனவரி 22, பழைய கணக்கில் ஜனவரி 9. வாட்ஸ்அப்பில் ஒன்றின் படத்தை இன்னொன்றின் தேதியோடு சேர்த்துச் சுற்றவிடுகிறார்கள், கவனம்.

பெரும் பஞ்சத்துக்கு எந்த நாள்?

1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் வந்தது. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்கு முதல் நாள், கடைசி நாள் ஏது? அதனால் மே மாத மூன்றாம் ஞாயிறு என்று வைத்து, ஆண்டுக்கொரு ஊரில் நடத்துகிறார்கள். தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டுச் சுமார் பதினைந்து ஆண்டே ஆகியிருந்த அமெரிக்கப் பழங்குடி சாக்டா மக்கள் 1847-இல் 170 டாலர் திரட்டி அனுப்பியதை அந்த நாளில் மறக்காமல் சொல்வார்கள்.

ராபர்ட் பர்ன்ஸ் விருந்து ஏன் ஜனவரி 25?

ஸ்காட்லாந்துக் கவிஞரின் பிறந்தநாள், 1759. முதல் விருந்து நடந்தது அன்றல்ல: 1801 ஜூலை 21, அவருடைய ஐந்தாம் நினைவு நாளில், அவர் பிறந்த ஆலோவே குடிசையில் ஒன்பது நண்பர்கள் கூடினார்கள். கிரீனக் ஊர் வியாபாரிகள் ‘சாவு நாளில் என்ன விருந்து, பிறந்தநாளில் வைப்போம்’ என்று 1802 ஜனவரி 29-இல் வைத்தார்கள். அடுத்த வருடம் திருச்சபைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பிறந்தது 25 என்று தெரிந்தது. தப்பாகத் தேதி போட்டது நான் மட்டுமல்ல என்று இதைப் படித்தபோது ஓர் ஆறுதல். விருந்தின் நாயகன் ஹாகிஸ்: ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைக் கொத்தி ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைத்தது. குழல் இசையோடு தட்டில் ஏந்தி வருவார்கள். பர்ன்ஸ் அதன்மேல் பாடிய கவிதையைச் சொல்லிக்கொண்டே, குறிப்பிட்ட வரி வந்ததும் கத்தியைச் சொருகுவார்கள். ஆவி பறக்கும், கைதட்டல்.

ஸ்காட்லாந்தின் 2014 வாக்கெடுப்பை பானக்பர்ன் ஆண்டில் வைத்தது தற்செயலா?

1314 ஜூன் 23, 24-இல் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்தின் இரண்டாம் எட்வர்டைத் தோற்கடித்த போர் பானக்பர்ன். 700-ஆம் ஆண்டில் சுதந்திர வாக்கெடுப்பு. தற்செயல் என்று யாரும் நம்பவில்லை. அதே ஜூன் கடைசி வாரத்தில், போர்க்களம் இருக்கும் அதே ஸ்டர்லிங் நகரில், பிரிட்டிஷ் ஆயுதப் படைகள் நாளும் நடந்தது. அதையும் யாரும் தற்செயல் என்று நம்பவில்லை. செப்டம்பர் 18 முடிவு: வேண்டாம் 55.3 சதவீதம், வேண்டும் 44.7.

மற்ற ஐரோப்பிய நாடுகளில் இந்தக் குழப்பம் இல்லையா?

ரஷ்யாவில் 1917 அக்டோபர் 25-இல் நடந்த புரட்சியை நம்மூர்த் தோழர்கள் ‘நவம்பர் புரட்சி தினம்’ என்று 7-ஆம் தேதி கொடியேற்றிக் கொண்டாடுவது தெரிந்ததே. வித்தியாசம் 13 நாள்.

ஜெர்மனிக்கு வேறு வகைத் தொல்லை. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. தேசிய நாளாக்க இதைவிட நல்ல தேதி ஏது? ஆனால் 1938-இல் யூதர்களின் கடைகளையும் ஜெப ஆலயங்களையும் நொறுக்கி எரித்த இரவும் நவம்பர் 9. 1923-இல் ஹிட்லர் மூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றதும் அதே தேதி. ஒரே நாளில் சிரிக்கவும் அழவும் முடியாதென்று, இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைந்த 1990 அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் ஞாபகமே இல்லாத தேதி. அதுதான் அதன் சௌகரியம்.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்தது மேற்கே மே 8, ரஷ்யாவில் மே 9. சரணடைதல் அமலுக்கு வந்தது பெர்லினில் இரவு 11 மணிக்கு மேல், மாஸ்கோவில் அப்போது மறுநாள். உக்ரைன் 2023-இல் மே 8-க்கு மாறிக்கொண்டது. கடிகார வித்தியாசமாகத் தொடங்கியது இப்போது எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வி.

பிரான்சின் ஜூலை 14 எதைக் குறிக்கிறது என்று 1880-இல் சட்டம் இயற்றியவர்களே தெளிவாகச் சொல்லவில்லை. 1789-இல் பாஸ்டீல் சிறையை உடைத்த நாள் என்பது ஊர் வழக்கு. அன்று உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். ரத்தம் சிந்திய நாள் வேண்டாம் என்றவர்களுக்கு, 1790-இல் அதே தேதியில் நடந்த ஒற்றுமை விழா என்று பதில் வைத்திருந்தார்கள். இருவரும் வாக்களித்தார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போர் நினைவிடத்தில் நிற்பதும் இந்த ஜூலை 14-க்குத்தான்.

பழைய நாள்காட்டியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டா?

உண்டு, ஸ்காட்லாந்திலேயே. வடகிழக்குக் கடற்கரையில் பர்க்ஹெட் என்ற மீனவர் ஊர், பழைய புத்தாண்டுக்கு முந்தைய இரவை ஜனவரி 11-இல் கொண்டாடுகிறது. பாதியாக அறுத்த மரப்பீப்பாயில் தாரும் விறகும் நிரப்பி, ஒரு கம்பத்தில் ஆணியடித்துப் பொருத்துவார்கள். ஆணியைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, கல்லால்தான். தீ வைத்து, கொழுந்துவிட்டு எரியும் பீப்பாயைத் தலையிலும் தோளிலும் மாற்றி மாற்றிச் சுமந்து தெருவெல்லாம் போவார்கள். தார் ஒழுகும், சுமப்பவர்கள் கழுத்தில் சாக்கு சுற்றியிருக்கும். வழியில் சில வீட்டு வாசல்களில் எரியும் கட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது அந்த வீட்டுக்கு நல்லது. கடைசியில் குன்றின் மேல் வைத்து எரியவிட்டு, ஆறிய கரித்துண்டுகளை ஊர்க்காரர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தபாலில் போகும்.

ஷெட்லாந்தின் மேற்கே ஃபூலா தீவில் சில பத்துப் பேர்தான் வசிக்கிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 6, புத்தாண்டு ஜனவரி 13. இங்கே ஒரு வேடிக்கைக் கணக்கு. பர்க்ஹெட் 1752-இன் 11 நாளோடு நின்றுவிட்டது. ஃபூலா 1800-இல் வந்த ஒரு நாள் வித்தியாசத்தையும் சேர்த்து 12 ஆக்கிக்கொண்டு, 1900-இல் வந்ததைச் சேர்க்கவில்லை. அதனால் ஃபூலாவின் கிறிஸ்துமஸ் ரஷ்யத் திருச்சபையின் ஜனவரி 7-க்கும் ஒத்துவராது, லண்டனின் டிசம்பர் 25-க்கும் ஒத்துவராது. அந்தத் தீவுக்காரர் ஒருவர் போன் செய்து என் பெட்டிச் செய்தியில் தேதி தப்பு என்றால், இந்த முறை போனை வைக்கமாட்டேன்.